கன்னியப்பன் தோள் கொடுத்த நாள்

திருப்புலிவனத்தில் எங்கள் தோள் கொடுப்போர் சங்கத்துக்கு ஒரே விதிதான். அடுத்தவன் பாடையைத் தூக்கியவனுக்குத்தான் சங்கம் பாடை தூக்கும். கன்னியப்பன் ஏழு வருடமாக உறுப்பினர். ஊரில் சாவு விழுந்தாலே அவனுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஐம்பத்தெட்டாம் வருடம் ஆடியில் அவனே செத்துப்போனான். விதியைச் சொல்லி எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி அழுததைப் பார்க்கச் சகிக்காமல் செயலாளர் செங்கேணி, அருள்தாஸ், நான் என்று மூன்று பேர் மட்டும் போனோம். பாடைக்கு மூலை நாலு.

"தூக்கிப் பாக்கலாம். சாஞ்சா எறக்கிடலாம்" என்றார் செங்கேணி.

ஏரிக்கரை தாண்டியும் சாயவில்லை.

"பின்னால எடது பக்கம் யார்பா கீறது?" என்றார், திரும்பாமல்.

"ஒருத்தரும் இல்லண்ணே."

"அப்ப பேசாம நட."

சுடுகாட்டில் இறக்கித் துணியை விலக்கினோம். கன்னியப்பனின் வலது தோள் மூங்கில் அழுத்திச் சிவந்திருந்தது.

செங்கேணி நிதானமாகப் பார்த்தார். "தோள் குடுத்துட்டான். போயி மத்தவங்கள இட்டுக்கினு வா. இனிமே விதிப்படி நாமதான் தூக்கணும்."

சிதைக்குப் பத்தடி தூரம். பன்னிரண்டு பேர் சேர்ந்தும் பாடை எழும்பவில்லை. குனிந்து பார்த்தேன். கன்னியப்பனுக்குக் கழுத்து ஒருபக்கமாகப் பிடித்திருந்தது.