வேட்டித் திரையில் கீழவாசல்

நடுப்பகலில் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, சுவரில் கட்டிய எட்டு முழ வேட்டியில் ப்ரொஜெக்டரால் தஞ்சாவூர்க் கீழவாசலைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மின்விசிறிக் காற்றில் வேட்டி அலைந்தது. தெருவும் சேர்ந்து மெல்ல அலைந்தது. பூக்கூடையும் குதிரை வண்டியும் வளையல் கடையும் தண்ணீருக்கடியில் கிடப்பவைபோல் ஆடின.

உருப்படாத வேலை என்று வீட்டில் பெயர் வாங்கிய ஸ்லைடுகள். இதுவரை ரசித்தவன் நான் ஒருவன்தான்.

அன்று வந்திருந்த இருவரும் ரசிக்க வரவில்லை, தேட வந்திருந்தார்கள்.

குத்தாலம் பக்கத்திலிருந்து அம்சவல்லி, அவள் மகள் ஜெயா. ஜெயாவுக்கு ஆவணியில் கல்யாணம். மணவறைக்குப் போகுமுன் அப்பா படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட வேண்டும். படம்தான் இல்லை.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறில் அப்பா வீரையனை அடியாட்கள் கொன்றபோது ஜெயா வயிற்றில் இருந்தாள். சாவதற்குச் சில நாள் முன்புதான் அவர் சங்கத்து ஊர்வலத்துக்காகத் தஞ்சாவூர் வந்திருக்கிறார். அதே அறுபத்தெட்டில் கீழவாசலைப் பித்துப் பிடித்தவன்போல் படமெடுத்தவன் நான்.

"சட்டை போட்டு நான் பாத்ததில்லீங்க. துண்டு இடுப்புலதான் இருக்கும். வெறுங்காலு," என்றாள் அம்சவல்லி.

மிராசுதார் தெருவில் பண்ணையாட்களுக்கு விதிக்கப்பட்டிருந்த உடை அது.

வெற்றுடம்புகளாகத் தேடினோம். மூட்டை தூக்குபவர், வண்டி இழுப்பவர். ஒவ்வொருவருக்கும் அவள் இல்லையென்று தலையசைத்தாள். ஸ்லைடுப் பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது.

வேட்டி ரொம்பப் பறக்கிறதென்று ஜெயா எழுந்துபோய் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த படம் விழுந்தது. டீக்கடை வாசல். தோளில் துண்டு, வெள்ளைச் சட்டை, காலில் செருப்பு. கண்ணாடித் தம்ளரும் கையுமாக ஒருவர் சிரித்தபடி நிற்கிறார்.

"இவரு யாரோ வசதியானவருங்க. அடுத்ததைப் போடுங்க," என்றாள் அம்சவல்லி.

நான் போடவில்லை.

வெளிச்சம் பாதி ஜெயாவின் மேல் விழுந்திருந்தது. வேட்டியில் இருந்த முகமும் பக்கத்தில் இருந்த முகமும் ஒன்று. அதே தாடை, அதே அகன்ற நெற்றி.

நான் ஏன் நிறுத்தினேன் என்று அம்சவல்லி திரும்பிப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

எழுந்தாள். நிழல் விழாமல் சுவரோரமாகவே நடந்து போனாள். படம் ஆளுயரத்துக்கும் மேலாக நின்றது. செருப்பைத் தொட்டாள். சட்டைப் பொத்தானைத் தொட்டாள். தோளில் கிடந்த துண்டைத் தொடுவதற்குக் கையை முழுக்க உயர்த்த வேண்டியிருந்தது.

"வயல்லயும் குனிஞ்சாரு, குடிசைக்குள்ளயும் குனிஞ்சாரு," என்றாள் மகளிடம். "நிமிந்து நின்னா உங்கப்பா இவ்வளவு ஒசரமாடி?"