மேல்வீட்டு ரசிகர்

வயலின்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விறுவிறுப்பாக எதை வாசித்தாலும் மேல்வீட்டில் மூச்சுப் பேச்சு இருக்காது. வில்லை இழுத்து இழுத்து முகாரி வாசித்தால் மட்டும், தலைக்கு மேலே "டப்! டப்!" என்று தாளம் விழும்.

"சோக ரசத்துல ஊறின மனுஷன்! எத்தனை கச்சேரி கேட்டிருப்பாரோ!" என்றார் மனைவியிடம்.

"நிறுத்தச் சொல்லித் தட்டுறாரோ என்னவோ."

"உனக்கென்ன தெரியும்? நாளைக் கச்சேரியில முழுக்க முழுக்க முகாரிதான். அவரை முன்வரிசையில உட்கார வைக்கிறேன் பாரு!"

வாசித்து முடித்த கையோடு, டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடியேறினார். கதவைத் திறந்தவர் வியர்க்க விறுவிறுக்க, கையில் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

"கீழ்வீட்டு வயலின்காரரா? வாங்க சார், வாங்க! நீங்க தெய்வம்!"

வயலின்காரர் கூச்சத்தில் நெளிந்தார். "என் வாசிப்பு அவ்வளவு பிடிச்சிருக்கா?"

"எனக்குச் சங்கீதம்னா கிலோ என்ன விலை சார். ஆனா நீங்க அந்த அழுகுணி ராகத்தை இழுத்தாப் போதும், அடுப்படிச் சந்துல இருக்கிற கரப்பான்பூச்சியெல்லாம் சொக்கிப்போய் வெளியே வந்துடுது. எந்த மருந்துக்கும் அசையாததுங்க!"

"அப்போ... அந்தத் தாளம்?"

அவர் செருப்பைத் தூக்கிக் காட்டினார்.

டிக்கெட்டை நீட்டவும் முடியாமல், மறைக்கவும் முடியாமல் விழித்தார் வயலின்காரர். "அப்போ, என்னோட ரசிகர்..."

"ரசிகரா? இன்னைக்கு மட்டும் பதினேழு பேர் சார். ஒருத்தரையும் விடல."