பின்னால் வருகிறவர்

நீந்துகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, மனித குலம் முன்னேறியதே அப்படித்தான் என்பது சுறாவின் அசைக்க முடியாத கொள்கை. சுறா என்பது அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயங்களுக்கு அவனும் அக்கா புருஷனும் ஒன்றாகத்தான் பயிற்சி செய்தார்கள். அவனைவிட வேகமான மாமா, சுற்றுக்குச் சுற்று குளத்துச் சுவரைப் பிடித்தபடி அவனுக்காக நிற்பார். "இது என்ன பஸ் ஸ்டாப்பா மாமா?" என்பான்.

போன சீசனில், ஏரிப் பந்தயத்தில், "டேய், கொஞ்சம் இருடா" என்று பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. அவரை முதன்முறையாக முந்திய குஷியில் சுறா திரும்பவில்லை. மாமா கரையேறவும் இல்லை.

அதன்பின் அவன் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. "வீட்ல உக்காந்து என் மூஞ்சியையே பாக்காத, போய் நீந்துடா" என்று இன்று அக்காதான் விரட்டினாள்.

நீச்சல் குளத்தில் அவன் ஒருவன்தான். இரண்டு சுற்றிலேயே நாக்குத் தள்ளியது. கரையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்த குளத்துக் காவலர் குரல் கொடுத்தார்.

"தம்பி, ஓரமா நீந்துங்க. பின்னாடி வர்றவருக்கு வழி வேணாமா?"

"யாருண்ணே?"

"உங்ககூட வந்தவர்தான். இன்னும் பாதி தூரத்துலயே இருக்கார், பாவம்."

பின்னால் தண்ணீர் மட்டும் அலம்பிக்கொண்டிருந்தது. சுறா ஓரமாக ஒதுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி நின்றான்.