குழிக்குள் இறங்கியவர்

"வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் குழிக்குள்ள இறங்குங்க," என்றாள் தெரசாள்.

வந்த இளைஞர் திகைத்தார். "ஹெட்மாஸ்டரைக் காணோமேன்னு பின்பக்கம் வந்தேன். நான் யாருன்னா..."

"தெரியும். அப்பா சொல்லியிருக்காக."

அப்பா அமிர்தராஜ்தான் பரளச்சிப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். தெரசாள் அங்கேயே டீச்சர். அருப்புக்கோட்டையிலிருந்து இன்று மாப்பிள்ளை பெண் பார்க்க வருகிறார், வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டு, அவரை எதிர்கொண்டு அழைத்துவர அப்பா ரோட்டுக்குப் போயிருந்தார். அவர் தலை மறைந்ததும் தெரசாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்து உரக்குழிக்கு வந்துவிட்டாள்.

யுத்தகாலம். பிள்ளைகள் பாதிப் பேர் மத்தியானம் பட்டினி. பள்ளிக்கூடத்திலேயே கத்தரியும் வெண்டையும் போடலாம் என்றுதான் இந்தக் குழியை வெட்டவைத்தாள். இன்னும் பாதிகூட நிரம்பவில்லை. இந்த நேரத்தில் கல்யாணம் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டால் யார் பார்ப்பது? சாணி நாற்றத்திலேயே மாப்பிள்ளை ஓடிவிடுவார் என்பது அவள் கணக்கு.

அவர் ஓடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கம்மந்தட்டையை மிதித்துப் பரப்பினார். அவள் நீட்டிய கூடையை வாங்கிச் சாணியைக் கையாலேயே அள்ளிப் போட்டார்.

"சாணியெல்லாம் அடுப்புக்கு எருவாட்டி தட்டவே போயிருமே, உங்களுக்கு யாரு குடுக்கா?"

"எங்க மாட்டுச் சாணி. பத்தாததுக்குப் பிள்ளைக ஆட்டுப் புழுக்கை பொறுக்கிட்டு வருதுக. சிலேட்டை மறந்தாலும் அதை மறக்காதுக."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டாள்.

"இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு நான் நகரமாட்டேன். அதுக்கு நீங்க சம்மதிக்கணும்."

"அதைப் பேசத்தான் வந்தேன்," என்றார் அவர், மண்ணைத் தூவியபடி. "குழியைப் பாத்தப்புறம் உங்களை இங்கேயிருந்து பிரிக்க மனசு வரல. இங்கேயே இருங்க. பெரியவுக கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

தெரசாளுக்குக் கண் கலங்கியது. துடைக்கப் போய்க் கன்னத்தில் சாணியை அப்பிக்கொண்டாள். இப்படிப்பட்டவரையா விரட்டப் பார்த்தோம் என்று கூசியது. அப்பா வந்ததும் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

"தெரசா, வண்டிக்கு அச்சு முறிஞ்சிருச்சாம். மாப்பிள்ளை அடுத்த வாரம்தான் வாராராம்," என்றபடி வந்த அமிர்தராஜ், குழியை எட்டிப் பார்த்துக் கைகூப்பினார். "அடடே, இன்ஸ்பெக்டர் ஐயாவா? இவளை நரிக்குடிக்கு மாத்துற விஷயத்தை நான் இன்னும் இவகிட்ட சொல்லவே இல்லையே."

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஜேசுராஜ் அப்பாவைப் பார்த்தார், பிறகு சாணி அப்பிய கன்னத்தைப் பார்த்தார்.

"மாத்தலை சார். ஆனா அந்த மாப்பிள்ளை, அடுத்த வாரம் வந்துதான் ஆகணுமா?"