ஃபூசி அத்தையின் திட்டு

"கத்தியைக் கீழ வை!"

ஃபூசி அத்தை போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்த இருபது பேருக்கும் கை நின்றுபோயிற்று.

சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மெலெனய்தே நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்னைத்தான். இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு எங்க அண்ணன் சாவுக்கு நீ ஒண்ணும் வேலை செஞ்சு கிழிக்க வேணாம்."

"அத்தை, நான் என்ன..."

"பேசாத! நேரா என் வீட்டுக்குப் போ. பின்னறையில கிட. பத்தாம் நாள் முடியற வரைக்கும் வெளிய உன் தலை தெரியக்கூடாது. தெரிஞ்சா இருக்கு உனக்கு."

மெலெனய்தே கத்தியை வைத்தாள். துக்கத்துக்காக இடுப்பில் சுற்றியிருந்த கிழிசல் பாயைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்து போனாள்.

அத்தை யாரையும் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டாள்.

மெலெனய்தேவுக்கு நாற்பத்தாறு வயது. அத்தைக்கு முப்பத்தெட்டுதான், தாத்தாவுக்குக் கடைசியாகப் பிறந்தவள். வயசை யார் கேட்டார்கள்? எங்கள் டோங்காத் தீவுகளில் அப்பாவின் தங்கை சொன்னால் சொன்னதுதான். ஊர்த் தலைவரே ஆனாலும் அத்தைக்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டார்.

மெலெனய்தேவின் தங்கை கலோலாய்னேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவின் காலில் இருப்பது சர்க்கரைப் புண். "பத்து நாளாவது காலைத் தூக்கி வெச்சுப் படு. இல்லேன்னா விரலோட போகாது, காலையே எடுக்க வேண்டி வரும்" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். அதற்கு மறுநாளே பெரியப்பா போய்ச் சேர்ந்தார். அவர் சாவில் தம்பி பிள்ளைகளுக்கு அடுப்படிதான் இடம். படுத்துவிட்டால் ஊர் விடுமா? அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நாலு நாளாக நின்றாள். அதற்குக் கிடைத்த மரியாதை இது!

கலோலாய்னே அண்ணன் செமிசியைப் பிடித்தாள்.

"போய் அத்தையைக் கேளு. வாயில கொழுக்கட்டையா?"

"நானா? துக்கத்துக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கிட்டு வான்னு அத்தை சொல்லிட்டா என்ன பண்றது? வெட்டிக்கணும். தெரியுமில்ல?"

"சின்ன வயசுல அவங்க மூக்கை நான் துடைச்சு விட்டிருக்கேன்!"

"அப்பவும் அவங்க நமக்கு அத்தைதான்" என்று சொல்லிவிட்டு அவன் விறகு பிளக்கப் போய்விட்டான்.

பாத்திரம் கழுவிய இடத்தில் இரண்டு பேர் குசுகுசுத்தார்கள்.

"பாவம் மெலெனய்தே. நின்ன கால் நின்னபடி உழைச்சா."

"இந்த அத்தைக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

கலோலாய்னேவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கரண்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். குழம்பு அடிப்பிடித்தது. வாசல் வரை போனாள், திரும்பினாள்.

ஒரு மணி நேரம் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு தட்டில் கிழங்கும் கறியும் போட்டு மூடிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் கேட்க வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே போனாள். முடியை வெட்டினால் வெட்டட்டும். நாக்கு இருக்குமல்லவா?

பின்னறைக் கதவை முழங்கையால் தள்ளினாள்.

அக்கா கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தாள். வலது கால் இரண்டு தலையணைகளின்மேல் இருந்தது.

கட்டிலுக்குக் கீழே, தரையில், ஃபூசி அத்தை மண்டியிட்டு அந்தக் காலுக்குப் புதுத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

மருமகள் மேலே, அத்தை கீழே. கலோலாய்னே தன் ஆயுசில் அப்படிப் பார்த்ததில்லை.

"கதவைச் சாத்துடி! யாராவது பார்த்துத் தொலைச்சா என் மானம் போயிடும்" என்றாள் அத்தை.

"என்ன நடக்குது இங்க?"

மெலெனய்தே சிரித்தாள். "முறைக்காதடி. நான்தான் விடியக்காலையில அத்தைகிட்டப் போனேன். என்னைத் துரத்திவிடுங்கன்னு கேட்டேன்."

"நீயா கேட்ட?"

"நானா போய்ப் படுத்திருந்தா, பெரியப்பா சாவுல படுத்துக் கிடந்தவன்னு என் பேரன் காலம் வரைக்கும் பேசுவாங்க. அத்தை துரத்தினா பாவம்னுதானே சொல்லுவாங்க? எனக்குக் கால் வேணும்டி. அதைக் கேக்கறதுக்குள்ள நாலு நாள் போயிடுச்சு, அதான் வருத்தம்."

கலோலாய்னே அத்தையைப் பார்த்தாள். "அங்க எல்லாரும் உங்களைத் திட்டித் தீர்க்கிறாங்க அத்தை. நானும்தான்."

"திட்டட்டும். பின்ன அத்தைன்னு ஒருத்தி எதுக்கு இருக்கேன்?" அத்தை துணியின் நுனியைக் கிழித்து முடிச்சுப் போட்டாள். "வலிக்குதா?"

"இல்ல. நல்லா இருக்கு" என்றாள் மெலெனய்தே. கண்ணை மூடிக்கொண்டாள்.

கலோலாய்னே தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நாலு நாளில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இடுப்பு இப்படி வலிக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

வெளியே செமிசியின் குரல். "கலோலாய்னே! எங்க போய்த் தொலைஞ்சே? இன்னும் நாப்பது பேர் வந்திருக்காங்க!"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போனவள் நின்றாள்.

"அத்தை..."

"என்னடி?"

"நாளைக்குக் காலையில... என்னையும் கொஞ்சம் திட்டுங்களேன்."