கிண்ணத்துக்கு ஒரு பொட்டு

"யார் பார்த்த வேலை இது?"

வீரபாகு போட்ட சத்தத்தில் அருங்காட்சியகமே அதிர்ந்தது. காப்பாட்சியர் ஆயிற்றே, சத்தம் போடத்தானே சம்பளம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டாயிரம் வருஷத்து ரோமாபுரிக் கண்ணாடிக் கிண்ணம். அதன் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை வந்தால் காஞ்சிபுரத்தில் தறிக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, சைக்கிளுக்கும் பொட்டு. அதற்காக இதற்குமா? பெட்டிகளைத் துடைக்கச் சொல்லி, பெருக்கித் துடைக்கும் சம்பூர்ணத்திடம் காலையில் சாவிக்கொத்தைக் கொடுத்தது தப்பாகப் போய்விட்டது.

"நான்தான் சார் வெச்சேன்" என்றாள் சம்பூர்ணம்.

"அறிவிருக்குதாமா உனக்கு? இது என்ன உங்க வீட்டு ஊறுகாய் ஜாடியா?"

"எல்லாத்துக்கும் வெச்சேன் சார். கம்ப்யூட்டருக்குக்கூட வெச்சிருக்குது."

"அதுவும் இதுவும் ஒண்ணா? எட்டாவது தாண்டாத ஆளையெல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தான்."

பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து மஹாலட்சுமி மேடம் ஆய்வுக்கு வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால்தான் வீரபாகுவுக்குப் பதவி உயர்வு. ஆறு வருஷமாக இழுத்தடிக்கிற விஷயம். இந்த நேரம் பார்த்தா இவள் இப்படிக் கழுத்தறுப்பாள்?

"நாளையிலேர்ந்து நீ வராதே. மேடம்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சம்பூர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி சார். அந்தப் பொட்டை மட்டும் இன்னிக்கு அழிக்காதீங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

பஞ்சை நனைத்து அவரே துடைத்தார். சந்தனம் போன இடத்தில், துவரம்பருப்பு அளவுக்கு விளிம்பு பெயர்ந்திருந்தது. புதுசாகப் பெயர்ந்தது.

"அடிப்பாவி. உடைச்சிட்டு, மறைக்கத்தான் பொட்டா?"

"நான் உடைக்கலை சார்." சம்பூர்ணம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து சாயங்காலம் உங்க மாமியார் கையில இதைக் கொடுத்து போட்டோ எடுத்தீங்களே. அவங்க திரும்ப வெக்கறப்போ பெட்டி ஓரத்துல இடிச்சிது. நீங்க போட்டோவையே பார்த்துக்கினு இருந்தீங்க. பெருக்கறப்போதான் சில்லு கிடைச்சுது. மேடம் வர்ற நாளாச்சே, உங்களுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னுதான்..."

வீரபாகு பஞ்சைக் கீழே வைத்தார். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"சந்தனம் மீதி இருக்குதா?" என்றார்.

இருந்தது. கொண்டுவந்து அதே இடத்தில் பொட்டு வைத்தாள்.

மஹாலட்சுமி மேடம் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து, கிண்ணத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். "இதுல என்ன சார் பொட்டு?"

வீரபாகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ஆயுத பூஜை மேடம். நம்ம பண்பாட்டை விட்டுக் கொடுக்க முடியுமா? பாவம், இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் பக்கத்துல நின்னு சொல்லி வைக்க வெச்சேன்."