மிஞ்சிய பலகை

வீடு முழுக்கத் தரை போட்டது போக ஐந்து பலகைகள் மிஞ்சின. அவற்றில் ஒருத்திக்குப் பொருமல் தாங்கவில்லை. ஒரே மரத்தில் அறுத்த தங்கை அடுப்படித் தரையாகிவிட்டாள். அக்காவான இவளுக்கோ பரண்தான் வாய்த்தது.

ஒருநாள் வீட்டுக்காரி சகாயமேரி ஐந்தையும் இறக்கி, ஒட்டி, இழைத்து, அதே அடுப்படியில் சமையல் மேடையாகப் பொருத்தினாள்.

"நாலு பேர் நடக்கிற பாக்கியமெல்லாம் உனக்குத்தாண்டி," என்று அக்கா அப்போதும் கீழே பார்த்துக் குறைப்பட்டாள்.

மறுநாள் காலை சகாயமேரி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மேடைமேல் குனிந்து, கன்னத்தைச் சாய்த்தபடியே நின்றாள்.

"அக்கா, இவளுக்குக் கால் நடுங்குது. என்னாச்சு?" என்றாள் தங்கை.

அக்காமேல் கண்ணீர் வெதுவெதுப்பாகப் பரவியது.

"கீழே நீ விட்டுடாதடி," என்றாள் அக்கா. "மேலே நான் பிடிச்சிருக்கேன்."